முடிச்சில்லாத மூன்று பொருள்கள்

நல்லூர் கிட்டுசாமியைப் பற்றி ஊரில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஓட்டை கண்டுபிடிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது ஒன்று. கட்டிய பெண்டாட்டியைப் பைத்தியமாக்கப் பார்த்த சினிமாக் கிறுக்கன் என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மைதான். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது ஊருக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவும்.

அவனுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பதினெட்டு வயதில் உள்ளே போனவன். மிஷினில் பின்னி இறங்கிய துணியை ஜன்னல் வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். எங்கே ஓட்டை, எங்கே கண்ணி விட்டுப் போயிருக்கிறது என்று கண்டதும் அந்த இடத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட வேண்டும். கட்டிங் மேஜைக்காரர் முடிச்சைப் பார்த்து ஒதுக்கி வெட்டுவார். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. செக்கிங்கில் நாலு பேர் என்றால் நாலு பேருக்கும் நாலு விதமான முடிச்சு. ஏதாவது தப்பு வந்தால் அது யார் கை என்று முடிச்சே சொல்லிவிடும். கிட்டுசாமியின் முடிச்சுக்கு இரண்டு காது, ஒரு வால். முடிச்சு இல்லாமல் ஓர் ஓட்டை அவன் கை தாண்டிப் போனதே கிடையாது. "கிட்டுசாமி முடிச்சுப் போடலைன்னா அங்க ஓட்டையே இல்லைன்னு அர்த்தமுங்க" என்று முதலாளியே யாரிடமோ சொன்னதாகக் கேள்வி. கேள்விப்பட்ட நாளிலிருந்து அதை அவனே நூறு பேரிடம் சொல்லிவிட்டான்.

பழனாயியை அவன் கட்டிக்கொண்டதும் அந்த முடிச்சினால்தான். அவள் அதே கம்பெனியில் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒரு துணியைத் தூக்கிக்கொண்டு செக்கிங் பக்கம் வந்து, "இந்த ரெட்டைக் காது முடிச்சு ஆரு போட்டதுங்க? இரும்புல போட்டாப்பல இருக்குது, கத்திரியே நுழைய மாட்டேங்குது" என்று சத்தம் போட்டாள். கிட்டுசாமிக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. அடுத்த தை மாதம் கல்யாணம். அதற்குப் பிறகு அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் ஓர் எருமையை வைத்துக்கொண்டு பால் ஊற்றினாள். இது ஐம்பத்தெட்டில்.

எட்டு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. உறவு முறையில் நாலு பேர் கூடினால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். கிட்டுசாமியின் பெரியம்மா ஒருத்தி பழனாயியின் காது கேட்கவே, "இன்னொண்ணைப் பாத்தா என்ன தப்பு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கிட்டுசாமி அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. நாளைக்கு எந்தப் படம் என்கிற யோசனையில் இருந்தான். மனிதன் அப்படித்தான்.

சினிமா பார்க்காத ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கிடையாது. டூரிங் கொட்டகையில் மணலைக் கூட்டி உட்கார்ந்தால் படத்தையும் துணி மாதிரிதான் பார்ப்பான். "திருடன் ஜன்னல் வழியா வந்தாங்கறான். முதல் சீன்ல அந்த ஜன்னலுக்குக் கம்பி இருந்துச்சே, அது எங்க போச்சு?" என்று கேட்டுப் பக்கத்திலிருப்பவன் உயிரை வாங்குவான். அவனுடைய மாமன் மகன் தங்கவேலு கோயமுத்தூரில் ஒரு பட ஆபீசில் எடுபிடியாக இருந்து, அப்போதுதான் கதை இலாகாவில் ஒட்டிக்கொண்டிருந்தான். ஊருக்கு வந்தவன் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொன்னான்: "குத்தஞ் சொல்றது லேசு மாப்ள. முடிஞ்சா நீயொண்ணு எழுதிக் குடு பாப்போம்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். கிட்டுசாமி ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினான். கம்பெனி ஸ்கேலை வைத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்தான். இடது பக்கம் காட்சி, வலது பக்கம் வசனம். தங்கவேலு சொல்லிக் கொடுத்த முறை அது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேஸ்ட் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து நாற்பது நாளில் ஒரு மர்மக் கதை எழுதி முடித்தான். ஊட்டியில் ஒரு பங்களா, ஒரு கூனன், தானாக வாசிக்கிற ஒரு பியானோ.

பட முதலாளியின் பெயர் சிவசுப்பிரமணியம். வெற்றிலை போட்டுக்கொண்டே முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "பியானோவைப் பாத்திருக்கீங்களா?" என்றார்.

"சினிமாவுல பாத்திருக்கறனுங்க."

"பங்களா?"

"அதுவும் சினிமாவுலதானுங்க."

அவர் சிரிக்கவில்லை. மரியாதையான மனிதர். "இதெல்லாம் நூறு பேரு எடுத்தாச்சுங்க தம்பி. எனக்கு வேண்டியது மனோதத்துவக் கதை. பயம் வெளியில இருந்து வரப்படாது, ஊட்டுக்குள்ள இருந்து வரோணும். ஒரு பொம்பளை நல்லா இருக்கறா. கொஞ்சங் கொஞ்சமா அவ மனசையே அவ நம்பாமப் போறா. அது எப்படி ஆவுது? படிப்படியாக் காட்டுங்க. ஆவணிக்குள்ள குடுத்தீங்கன்னா கார்த்திகையில பூசை போட்டரலாம். பேரு உங்க பேருதான் வரும்."

பேர் வரும் என்றதும் கிட்டுசாமிக்குத் தலை கால் புரியவில்லை. திரையில் எழுத்து ஓடும்போது 'கதை வசனம்: நல்லூர் கிட்டுசாமி' என்று வரும். கொட்டகையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். திருப்பூர் வரும் வரை பஸ்ஸில் அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆனால் ஒரு பெண் தன் மனதையே நம்பாமல் போவது எப்படி என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பியானோவில் ஒருதரம் மாட்டிக்கொண்டாயிற்று. இனி கண்ணால் காணாததை எழுதுவதில்லை என்று வைராக்கியம் வைத்துக்கொண்டான். கண்ணால் காண வீட்டில் ஒரு பெண் இருந்தாள்.

சித்திரை மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், பழனாயி பால் கறக்கப் போன சமயம், அடுப்புக்குப் பக்கத்திலிருந்த சின்ன உப்புப் பாத்திரத்தை, அதாவது உப்புப் போசியை, எடுத்து அட்டாலிப் பரணின் மேல் வைத்தான். வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்துப் போசியின் கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டான். இரண்டு காது, ஒரு வால். எதற்கு என்று கேட்டால் அவனிடம் நியாயம் இருந்தது. மனிதர்கள் சாதாரணமாகவே சாமானை இடம் மாற்றி வைத்துவிட்டு மறப்பதுண்டு. தான் எடுத்தது எது, அவளே மறந்தது எது என்று பின்னால் குழம்பக் கூடாதல்லவா? கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டும். முடிச்சு இருந்தால் தான் எடுத்தது, இல்லையென்றால் அவள். செக்கிங்காரன் புத்தி, வேறென்ன!

பழனாயி தேடினாள், கண்டுபிடித்தாள், சிரித்தாள். "நானே மேல வெச்சுட்டனாட்ட இருக்குதுங்க. வயசாவுது பாருங்க." அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது.

நோட்டில் வலது பக்கம் அந்த வசனம் அப்படியே ஏறியது. அதற்குப் பிறகு கத்திரி போயிற்று, மஞ்சள் டப்பா போயிற்று, முறம் போயிற்று. வாரத்துக்கு ஒன்று என்று கணக்காகச் செய்தான். ஆறாவது பொருள் காணாமல் போன பிறகு பழனாயி ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டாள். எதைக் கீழே வைத்தாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வைப்பாள். "உப்பு இங்க. புளி இங்க. கரண்டி ஆணியில." கிட்டுசாமி அசந்து போனான். இதைத் தன்னால் ஏழு ஜென்மம் எடுத்தாலும் யோசித்திருக்க முடியாது என்று தோன்றியது. இருபத்திரண்டாவது காட்சியாக எழுதி வைத்தான். தங்கவேலு வந்து படித்துவிட்டு, "மாப்ள, முதுகு சில்லுங்குது. எங்கிருந்து புடிக்கறே இதெல்லாம்?" என்று கேட்டான்.

கிட்டுசாமி புன்னகை செய்தான். எழுத்தாளர்கள் செய்கிற புன்னகை.

எட்டாவது பொருளின்போது அவள் சிரிப்பு நின்றது. 'சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல சீன்' என்று நோட்டில் இருக்கிறது. பதினோராவதாக, முருகன் படத்துக்கு முன்னால் இருந்த பித்தளை விளக்கை எடுத்துச் சோளப் பானைக்குள் வைத்தான். சாமி விளக்கைக்கூடவா ஒருத்தி எங்கோ வைத்துவிட்டு மறப்பாள்? பழனாயி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "முருகா, என்ற புத்திக்கு என்ன ஆச்சு?" என்று அழுதாள். அவன் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கை பென்சிலைத் தேடியது.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை அவன் கம்பெனியிலிருந்து வந்தபோது பழனாயி அரிவாள்மணையைத் தேடிக்கொண்டிருந்தாள். அவன் அதைத் தொடவே இல்லை. அந்த வாரம் எதையுமே எடுக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தேடினார்கள். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் எருமையின் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தது. முடிச்சு இல்லை.

அன்றைய பக்கத்தில் கிட்டுசாமி எழுதியது ஒரே வார்த்தை. 'பலித்துவிட்டது!' அந்த ஆச்சரியக்குறிக்கு அவனைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். அடிக்க ஆளில்லை.

பத்து நாள் கழித்து அவளுடைய மூக்குத்தி காணாமல் போய்த் தவிட்டுப் பானையில் கிடைத்தது. அதிலும் அவன் கை இல்லை. இந்த முறை நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. போதும், கதைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனி எதையும் தொடுவதில்லை என்று முடிவு பண்ணினான்.

அவன் நிறுத்திவிட்டான். அது நிற்கவில்லை.

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. முடிவெட்டிக்கொண்டு சாயங்காலம் திரும்பி வந்தால் வீட்டு வாசலில் கூட்டம். பழனாயி கதவைப் பூட்டிவிட்டுப் பால் ஊற்றப் போனவள், திரும்பி வந்தால் சாவி இல்லை. போன வழியெல்லாம் தேடி, பால் வாங்குகிற வீடுகளிலெல்லாம் கேட்டு, வாசலில் உட்கார்ந்து மண்ணைக் கையால் அரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் செல்லாத்தாள் அவளைத் தூக்கிவிடக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனம்மிணி, உன்ற கொண்டையில என்னது அது?"

சாவி கொண்டையில் செருகியிருந்தது. பழனாயி கையை மேலே கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை, தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கிட்டுசாமி அவள் முகத்தைப் பார்த்தான். அவன் நாலு மாதமாக எழுதத் தவித்த முகம் அதுதான். எழுத வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

செல்லாத்தாள் சொல்லியனுப்பி, புதன்கிழமை பழனாயியின் அம்மா பெரியாத்தாளும் அண்ணன் சாமியப்பனும் முதலிபாளையத்திலிருந்து வந்து இறங்கினார்கள். கிட்டுசாமி கம்பெனிக்கு லீவு போட்டிருந்தான். சாமியப்பன் சாந்தமான மனிதர், குரலை உயர்த்திப் பேசமாட்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"புத்தி தெளியக் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு மண்டலம் வெச்சுப் பாக்கலாம்னு இருக்கறமுங்க மாப்ள. பெருமாள் புண்ணியத்துல சரியாச்சுன்னா ஆச்சு. அப்பிடி ஆவலைன்னா அம்மா ஊட்டுலயே இருந்துக்கட்டும். நீங்க வேற ஏற்பாடு பண்ணிக்கிட்டாலும் எங்களுக்கு வருத்தமில்லீங்க. உங்க பொழப்பையும் பாக்கோணுமல்ல?"

எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார் பாருங்கள்! ஒரு மண்டலம் அங்கே இருந்துவிட்டு வந்தவளை அதற்குப் பிறகு ஊர் என்ன பேர் சொல்லிக் கூப்பிடும் என்று அங்கிருந்த நாலு பேருக்கும் தெரியும். போகிறவள் திரும்பி இந்த வீட்டுக்குள் வரப்போவதில்லை என்பதும் தெரியும். கிட்டுசாமி வாயைத் திறந்தால் அது நின்றுவிடும். திறந்தால் நோட்டும் வெளியே வரும், ஊரே காறித் துப்பும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியாத்தாள் மகளின் துணிமணிகளைப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

அப்போது பழனாயி எழுந்து உள்ளே போனாள். ஒரு மஞ்சள் துணி முடிச்சோடு வந்தாள். எல்லோருக்கும் நடுவில் அதைப் பிரித்து வைத்தாள். உள்ளே சிவப்பு நூல். பதினோரு துண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு காது, ஒரு வால்.

"உங்க கம்பெனியிலதான் நாலு வருசம் பிசிர் வெட்டியிருக்கறனுங்க" என்றாள். அவனைப் பார்த்துத்தான் சொன்னாள். "உங்க முடிச்சு எனக்குத் தெரியாதுங்களா?"

கிட்டுசாமி குனிந்து முடிச்சுகளைப் பார்த்தான். நூல்கள் காணாமல் போனபோதெல்லாம் கழுவும்போது அறுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தான் மகா புத்திசாலி.

"முத முடிச்சை அட்டாலி மேல பாத்தனுங்க. உப்புப் போசி கழுத்துல. அட, இவருதானா, வெளாட்டுக்குப் பண்றாருன்னு சிரிச்சுக்கிட்டேன். அப்புறம் ஒண்ணொண்ணாப் போச்சு. வெளாட்டுன்னா ஒரு நாளாவது சொல்லிச் சிரிப்பீங்கன்னு பாத்தேன், நீங்க சொல்லவே இல்லை. அப்பறந்தான் பெரியம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு. பைத்தியம்னு பேரு கட்டி எங்கம்மா ஊட்டுக்குத் தாட்டியுட்டுட்டு வேறொருத்தியைக் கட்டறதுக்குத்தான் பண்றாருன்னு நெனச்சனுங்க. விளக்கு போன அன்னைக்கு அழுதது அதுக்குத்தான்."

"ஐயோ, அது இல்லீங்க அம்மிணி..." என்றான் கிட்டுசாமி. கட்டிய பெண்டாட்டிக்கு ஒரு 'ங்க' போட்டுவிட்டான், அதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"சித்தெ இருங்க. அப்பக்கூட எனக்குப் பயமில்லீங்க. ஒவ்வொரு முடிச்சையும் பாக்கறப்ப உசுரு வரும். நம்ம புத்தி நல்லாத்தான் இருக்குது, இவருதான் பண்றாருன்னு. மானங்கெட்ட தைரியம், ஆனா தைரியம். அப்பறம் அரிவாள்மணை போச்சு. மூக்குத்தி போச்சு. சாவி." அவள் குரல் இறங்கியது. "அந்த மூணுலயும் முடிச்சைத் தேடித் தேடிப் பாத்தேன். காணலீங்க. பதினொண்ணுக்கு இருக்குது, மூணுக்கு இல்லை. அதை மட்டும் எனக்குச் சொல்லிப்போடுங்க. அப்பறம் நான் பேசாம எங்கண்ணனோட போயிர்றேன். அந்த மூணும் நீங்களா, நானா?"

கிட்டுசாமி அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் வாழ்க்கையில் எத்தனையோ ஓட்டையைப் பார்த்தவன். எல்லாம் மிஷினும் ஊசியும் போட்ட ஓட்டைகள். தன் கையால் போட்ட ஓட்டையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால் அவள் குணசீலத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு தானாகவே நடந்துவிடுவாள்.

"நான்தான்" என்றான். "பதினாலும் நான்தான்."

"முடிச்சு?"

"மறந்துட்டேன்."

"சாவி என்ற கொண்டையில இருந்துச்சுங்க."

"மத்தியானம் நீ கண்ணசந்தப்ப நான்தான் செருகினேன். சாவியில்லாம எப்படிப் பூட்டினேன்னு கேப்பே. நீ வெறும் பூட்டை அமுக்கிட்டுப் போனே, அமுக்கினாப் பூட்டிக்கற பூட்டுதான அது? எல்லாம் ஒரு சினிமாக் கதைக்கு. கதை எழுதறதுக்கு உன்னையப் பாத்தேன். இந்த எழவெடுத்த நோட்டுக்கு." அவன் ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்து சாமியப்பன் முன்னால் போட்டான். "அவளுக்கு ஒண்ணுமில்லீங்க மச்சான். அவ புத்தி தங்கம். பைத்தியக்காரன் நான்தானுங்க."

சாந்தமான சாமியப்பன் எழுந்து விட்ட அறையில் கிட்டுசாமிக்கு இரண்டு நாள் இடது காது கேட்கவில்லை. பெரியாத்தாள் திட்டிய திட்டில் பாதியை இங்கே எழுத முடியாது. செல்லாத்தாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்று விடாமல் கேட்டாள். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

பழனாயி மட்டும் அந்தப் பதினோரு நூலையும் ஒவ்வொன்றாக எண்ணித் துணியில் வைத்துக் கட்டினாள். அம்மா, "எந்திரிடீ, இந்தச் சண்டாளனோட உனக்கென்ன?" என்று கையைப் பிடித்து இழுத்தபோது, "கோயிலுக்குப் போவ வேண்டியது நானில்லைன்னு ஆயிருச்சல்லம்மா? சோறாக்கறேன், உண்டுட்டுப் போங்க" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் நோட்டை எடுத்து அவன் மடியில் வைத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "படிங்க, கேக்கலாம்." முழுவதும் படித்தான். 'பலித்துவிட்டது' என்கிற பக்கம் வந்தபோது இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினான். அவள் எருமைக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "நல்லாத்தான் எழுதியிருக்கறீங்க. ஆனா அந்தப் பொம்பளைக்குப் பேரே வெக்கலீங்களே" என்றாள்.

கிட்டுசாமி புரட்டிப் பார்த்தான். அறுபத்தைந்து காட்சிகள். எல்லாவற்றிலும் 'மனைவி' என்றுதான் இருந்தது.

ஆவணியில் கோயமுத்தூர் போனான். பட முதலாளி அறுபது காட்சி வரை நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார். மூன்று பொருளில் முடிச்சு இல்லாத இடம் வந்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "சபாஷ்! மேல சொல்லுங்க. முடிவு என்ன?"

"புருசங்காரன் பதினாலும் நான்தான்னு ஒத்துக்கறானுங்க. முடிச்சுப் போட மறந்துட்டேங்கறான். அவ நம்பிக்கறா."

முதலாளி அவனையே பார்த்தார். பிறகு தங்கவேலுவைப் பார்த்தார். "அதெப்படிங்க? அவன் முடிச்சு மறக்காதவன்னு நீங்கதான மூணாவது சீன்ல சொன்னீங்க? கொண்டையில சாவி செருகினா எந்தப் பொம்பளைக்காவது தெரியாமப் போவுமா? பெரிய ஓட்டைங்க இது. சனங்க நம்ப மாட்டாங்க. முடிவை மாத்துங்க. பொம்பளைக்கு நெசமாலுமே பைத்தியம் புடிச்சுருது, கிணத்துல குதிக்கறா. சரிங்களா?"

தங்கவேலு மேஜைக்குக் கீழே காலை மிதித்தான். 'சரி' என்று சொல் என்று அர்த்தம்.

"இல்லீங்க" என்றான் கிட்டுசாமி. "அவ குதிக்க மாட்டாளுங்க." நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டான். அவனுடைய பேர் எந்தத் திரையிலும் வரவில்லை. வாழ்க்கையில் அவன் எழுதிய கதை அந்த ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் பழனாயி கேட்டாள். "என்னங்க சொன்னாங்க?"

"முடிவைச் சனங்க நம்ப மாட்டாங்கன்னுட்டாங்க."

அவள் பால் செம்பை விளக்கிக்கொண்டிருந்தாள். செம்பைக் கவிழ்த்து வைத்தாள். "நான் நம்பினனுங்களே" என்றாள் பிறகு. அந்தச் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது என்று கிட்டுசாமிக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருஷம். கம்பெனியில் மிஷின் பெருகியது, செக்கிங்கில் நாலு பேர் பதினாறு பேரானார்கள், முடிச்சு வழக்கம் போய்ச் சாக்கட்டியும் ஸ்டிக்கரும் வந்தன. கிட்டுசாமி அந்தப் பதினாறு பேருக்கும் சூப்பர்வைசர் ஆனான். கம்பெனியில் அவன் நூலைத் தொட்டே வருஷக்கணக்கில் ஆகிறது. ஆனாலும் சட்டைப் பையில் ஒரு சிவப்பு நூல்கண்டு எப்போதும் கிடக்கும். எதற்கு என்று கேட்டால், பழக்கம் என்பான். கம்பெனியில் யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை.

வருஷத்தில் மூன்று தடவை, நாலு தடவை அந்த வீட்டில் ஏதாவது ஒன்று காணாமல் போகும். போன வாரம் உப்புப் போசி. பழனாயி அடுப்படியில் தேட ஆரம்பித்தாள். "உப்பு இங்க, புளி இங்க" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிற சத்தம் கேட்டது. கிட்டுசாமி பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் பொடக்காளிக்கு இறங்கினான். அறுபத்தாறிலிருந்து அவனுக்கு இது பழக்கம். எங்கே இருக்கும் என்று ஓரளவு தெரியும். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருந்தது. குனிந்து, பையிலிருந்து நூலை எடுத்து, போசியின் கழுத்தில் அவசர அவசரமாகச் சுற்றினான். முன்னைப்போல விரல் ஓடுவதில்லை. இரண்டு காது வந்தது, வால் கொஞ்சம் கோணிக்கொண்டது. நிமிர்வதற்குள் அவள் வந்து நின்றாள்.

போசியைப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள். தேடிய களைப்பெல்லாம் முகத்திலிருந்து இறங்கி, நல்ல கோபம் ஒன்று ஏறியது.

"பேரன் எடுக்கற வயசாச்சு, இன்னும் உங்க புத்தி போவலீங்களா? பத்து வருசமா என்ன கருமத்தைத்தான் எழுதறீங்க? அந்தக் கதை எப்பத்தானுங்க முடியும்?"

"கடைசி சீன் வர மாட்டேங்குது அம்மிணி" என்றான் கிட்டுசாமி, தலையைச் சொறிந்துகொண்டு.

அவள் முடிச்சை அறுத்து நூலை இடுப்பில் செருகிக்கொண்டு, போசியைத் தூக்கிக்கொண்டு, வாய் ஓயாமல் அவனைத் திட்டியபடியே உள்ளே போனாள். குழம்பு உப்பில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது.